கொட்டச்சேட்டு அட்டாலிக் கதவு

1

கீச்.

அவ்வளவுதான். அப்புறம் நிசப்தம். கீழே நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஒரு பெருமூச்சு விட்டு ஓய்கிறது. ஜன்னலுக்கு வெளியே வினிபெக் நகரத்துப் பனி, பேச எதுவும் மிச்சமில்லாத வெள்ளையில் கிடக்கிறது. சரி, பிரமைதான் என்று நினைக்கிற நேரம் பார்த்து மறுபடியும், கீச்.

கொட்டச்சேட்டுக் காப்பித் தோட்டத்தில் சில்வண்டு இப்படித்தான் விளையாடும். எந்தச் செடி என்று கண்டுபிடித்துப் பக்கத்தில் போனால் வாயை மூடிக்கொள்ளும். நாலு எட்டு நகர்ந்தால் முதுகுக்குப் பின்னால் தொடங்கும். ஏற்காட்டு மலையை விட்டு வந்து என் தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் ஒரு பொடிச் சத்தம் போதும். கால் இங்கே நிற்க, காது மட்டும் மலையேறிப் போய்விடுகிறது.

சனிக்கிழமை காலை. மாடியில் என் மகள் யாழினியின் அறையில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். கூரை சரிந்து இறங்குகிற அறை அது. சரிவு வந்து முட்டும் குட்டைச் சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு, குனிந்துதான் நுழையலாம். அதற்குப் பின்னால் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இருட்டுச் சந்து. பழைய பெட்டிகளும், யாழினிக்குக் கால் வளர்ந்ததும் ஒதுக்கிய பனிச்சறுக்குச் செருப்புகளும் அங்கே உறைந்து கிடக்கின்றன. வெளியே என்ன குளிரோ அந்தச் சந்திலும் அதே குளிர். எங்களுக்கும் அதற்கும் நடுவே நிற்பது மெலிந்த ஒரு பலகை.

"மா, என் ரூம் ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கு" என்று ஒவ்வொரு குளிர்காலமும் சொல்வாள். இந்த வருடம் சொல்லவில்லை. ஜூன் மாதம் வேறு ஊருக்குப் படிக்கப் போகிறாள். விட்டுப் போகப்போகிற வீட்டைப் பற்றி யார் குறை சொல்வார்கள்? அவள் குறை சொல்லாமல் விட்டதுதான் என்னைக் கதவுப் பக்கம் தள்ளியது.

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவின் ஓரம் முழுக்கக் காட்டினேன். கோவிலில் சாமிக்குக் காட்டுகிற மாதிரி மெதுவாக. நேராக எழுந்த புகை ஓர் இடத்தில் யாரோ ஊதியதுபோல மடங்கியது. இன்னோர் இடத்தில் இடுக்கு அதை அப்படியே உறிஞ்சிக்கொண்டது. எங்கெல்லாம் புகை தடுமாறுகிறதோ அங்கெல்லாம் வீடு ஒழுகுகிறது. கதவின் பின்பக்கம் ஒட்ட நுரைப் பலகை வெட்டி வைத்திருந்தேன். சட்டத்தைச் சுற்றி ஒட்ட ரப்பர் பட்டை. சாத்தினால் கதவு பட்டையை அமுக்கிப் பிடிக்க ஒரு கொக்கி. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள கீறலில் பிதுக்கி விட ஒரு பசைக்குழாய்.

முதல்முறை இதையெல்லாம் வாங்கக் கடைக்குப் போனபோது வார்த்தை கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் இத்தனை வருடம் சம்பளம் வாங்கியவள், கடைக்காரன் முன்னால் நின்று, "என் வாசல் கதவுக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும்" என்றேன். அவன் சிரிக்கவே இல்லை. "என்ன சைஸ்?" என்று கேட்டான். அன்றுதான் இந்த ஊர்மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம் வந்தது.

திங்கட்கிழமை வீட்டைச் சோதிக்க ஆள் வருகிறான். எந்த இடுக்கு வழியாகச் சூடு போகிறது என்று பார்த்துச் சான்று கொடுப்பானாம். அதற்கொரு விண்ணப்பம். வீட்டில் வழக்கமாக வசிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. மூன்று என்று போட்டேன். யாழினி எட்டிப் பார்த்துவிட்டு, "டூன்னு போடும்மா. ஜூன்லேர்ந்து நான் இல்லையே" என்றாள். லாரி ஓட்டும் என் கணவர் மாதத்தில் பாதி நாள் சாலையில்தான் இருப்பார். அப்படிப் பார்த்தால் ஒன்றரை என்றல்லவா எழுத வேண்டும்? அந்தக் கட்டத்தை நிரப்பாமலே விட்டேன்.

கீச்.

"எங்கேர்ந்துதான் வருது இது?" யாழினி படிக்கட்டில் இறங்கினாள். நாற்காலி இழுபடும் சத்தம். உள்ளங்கையளவு வெள்ளை வட்டு ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே திரும்பி வந்தாள். விஷவாயு பரவினால் அலறுகிற கருவி. இந்த ஊரில் வீட்டுக்கு வீடு சுவரில் இருக்கும், காலண்டர் மாதிரி. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

"எக்ஸ்பயர் ஆயிடுச்சும்மா. புதுசு வாங்கணும்னு கத்துது." பின்பக்கம் இருந்த பொடி எழுத்தை ஆங்கிலத்தில் வாசித்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். "தலை வலி வரும். தூக்கமா வரும். அப்புறம்... எந்திரிக்கவே மாட்டாங்க. கலர் இல்ல, ஸ்மெல் இல்ல. மூடின ரூம்ல கரி எரிக்கக் கூடாதாம்." சிரித்தாள். "கரியா? யாரும்மா வீட்டுக்குள்ள கரி எரிப்பாங்க?"

ரப்பர் பட்டையைப் பிடித்திருந்த என் கை அப்படியே நின்றது.

2

அன்று காலையில்தான் என் அண்ணியின் குரல் வந்திருந்தது, போனில். காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டேன். சந்தோஷமாக இருந்தது. மறுபடி ஒரு தரம் போட்டுக் கேட்டேன்.

"அம்மிணி, ரூமு பொட்டியாட்டம் கதகதன்னு இருக்குது போ. நீ ஒட்டிட்டுப் போன ரப்பரு ஒரு இம்மி காத்து உடறதில்ல. சம்மந்தியம்மா இன்னிக்குச் சாயங்காலம் வர்றாங்க. அவிங்களே வாயத் தொறந்து, 'பேத்தி பக்கத்துல ஒரு ராத்திரி படுத்துக்கறனுங்க'ன்னு கேட்டுட்டாங்க. கேட்டியா கதைய? அந்த வாய்தான் அன்னிக்கு அப்படிப் பேசுச்சு. நான் ரெண்டு சட்டி கங்கு வெக்கப் போறன். ஒண்ணு கட்டிலுக்குக் கீழ, ஒண்ணு அவிங்க படுக்கற பக்கம்."

இந்தக் குறிப்பை வாசிக்கிற மலைக்காரர்களுக்குக் கங்குச் சட்டியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பிள்ளை பெற்றவள் படுக்கும் அறையில், பனிமாதத்துச் சாயங்காலங்களில், காப்பிக் கட்டை எரிந்து சிவந்த கங்கை மண்சட்டியில் அள்ளிவந்து வைப்பார்கள். புகை இருக்காது. மேலே சாம்பல் பூத்து, உள்ளே சிவப்பாக விடியும்வரை கிடக்கும். குழந்தையைக் குளிப்பாட்டினால் அதில்தான் சாம்பிராணி போடுவார்கள். எனக்கு வைத்தார்கள், அண்ணிக்கு வைத்தார்கள், யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

ஆகாததற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத்தான் நான் கார்த்திகையில் லீவு போட்டு விமானம் ஏறிப் போய் அடைத்துவிட்டு வந்தேன்.

3

அண்ணன் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அவருடைய ஒரே மகள் சுகன்யா. சேலத்தில் மளிகைக்கடைக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறது. தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்குத்தானே வர வேண்டும்? வளைகாப்பு முடித்து மலைக்குக் கூட்டிவரப் பேச்செடுத்ததும் அவள் மாமியார், எங்கள் சம்மந்தியம்மா, பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் வீடு பார்க்க வந்த அந்தம்மா, பிரசவத்துக்கு ஒதுக்கிய உள்ரூமின் நடுவே நின்று, ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி உள்ளங்கையைத் தூக்கிக் காற்றைத் துழாவினாராம். துழாவிக்கொண்டே போய் அட்டாலிக் கதவில் முட்டி நின்றார். அட்டாலி என்றால் கூரைக்கு அடியில், மிளகும் காப்பிக்கொட்டையும் மூட்டை கட்டிப் போடுகிற பரண். உள்ரூமின் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, ஏணி வைத்து ஏறிப்போக ஒரு சின்னப் பலகைக் கதவு. அது ஒருநாளும் ஒழுங்காகச் சாத்தியதில்லை. இறவாரம் வழியாக மேகம் அட்டாலிக்குள் வரும், அட்டாலி வழியாக ரூமுக்குள் வரும். சின்ன வயதில் அதற்கு நேர் கீழேதான் என் பாய். கழுத்தில் ஈரத்துணி போட்டதுபோல இருக்கும்.

அந்தம்மா பேசியதை அண்ணி போனில் நடித்தே காட்டினாள், குரலை மூக்கில் ஏற்றி. "'ஏனுங்க, இதென்னங்க பொந்து? உள்ளாற புலி கிலி வளக்கறீங்களா? இப்புடி உறுமுது? பச்ச ஒடம்புக்காரிய இந்த மேகத்துக்குள்ள போட்டா எங்கூட்டுப் புள்ளைக்கு என்னத்துக்கு ஆவும்?' அம்மிணி, எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாமான்னு இருந்துச்சு."

"கவலப்படாத அண்ணி" என்றேன். "நான் இருக்கற ஊருக் குளிரையே கதவுக்கு வெளிய நிறுத்தி வெச்சிருக்கேன். உன் பொந்து எம்மாத்திரம்?"

இப்போது எழுதும்போது விரல் கூசுகிறது. எத்தனை தெம்பான குரல் அது.

என் வீட்டு வாசல் கதவுக்கு வாங்கியதில் மிஞ்சிய பட்டைச் சுருள், பசைக்குழாய், கொக்கி எல்லாம் பெட்டிக்குள் போயின. சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.

"என்னம்மா இது?"

"கதவுக்குங்க."

"எந்தக் கதவுக்கு?"

"அட்டாலிக் கதவுக்குங்க. காத்து வராம இருக்க."

அதிகாரி சுருளை முகர்ந்து பார்த்தார். இழுத்துப் பார்த்தார். "ஏம்மா, காத்து வர்றதுக்குத்தான எல்லாரும் கதவு வைப்பாங்க?" என்றார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு சேலம் வண்டி பிடிக்க ஓடினேன். யாராவது நம்மை நிறுத்தி நல்ல கேள்வி கேட்கும்போது நமக்கு எப்போதும் வண்டிக்கு நேரமாகிவிடுகிறது.

கொட்டச்சேட்டில் ஏணி போட்டு ஏறினேன். அண்ணன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். தச்சரை வைத்துப் பலகைக் கதவை இழைத்து நேராக்கியிருந்தார். பின்பக்கம் தெர்மோகோல் ஒட்டி, மேலே பழைய போர்வையைச் சுற்றி ஆணி அடித்தோம். சட்டம் முழுக்கப் பட்டை. கீறலெல்லாம் பசை. கொக்கியை மாட்டினதும் கதவு 'ப்ப்' என்று உள்வாங்கி உட்கார்ந்தது. ஊதுபத்தி காட்டினேன். புகை ஒரு நூல்கூட அசையவில்லை.

போன வருடம்தான் அண்ணன் அந்த ரூமுக்கு அட்டை சீலிங் போட்டு, ஓட்டு இடுக்குகளை எல்லாம் மறைத்திருந்தார். மர ஜன்னலை எடுத்துவிட்டு அலுமினிய ஜன்னல் வைத்திருந்தார். அறை மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு துளையாக அடைபட்டு, மிஞ்சி நின்ற கடைசி மூக்கு அந்தச் சின்னக் கதவு. எனக்கு அன்று அது மூக்காகத் தெரியவில்லை. ஓட்டையாகத் தெரிந்தது. இங்கே என் ஊரில் அது ஓட்டைதான். இங்கே யாரும் கட்டிலுக்குக் கீழே நெருப்பு வைப்பதில்லை.

குழந்தை பிறந்து, பார்க்க வந்த சம்மந்தியம்மா மறுபடி உள்ளங்கையைத் தூக்கினார். துழாவினார். கதவுக்கு நேரே பிடித்தார். "அட, புலியக் காணமுங்களே!" என்றார். அண்ணி என்னைப் பார்த்த பார்வைக்கு இந்த உலகத்தில் விலை கிடையாது. நான் விமானம் ஏறினேன். மார்கழி வந்தது. கங்குச் சட்டியும் வந்தது.

4

"மா? என்னாச்சும்மா?"

"அங்க மணி என்ன?"

யாழினி கணக்குப் போட்டாள். சாயங்காலம் ஏழே முக்கால். கங்கு அள்ளி வைத்திருப்பார்கள். சாப்பாடு முடிந்திருக்கும். இன்றைக்கு விருந்தாளி இருப்பதால் ரூம் கதவையும் சாத்தியிருப்பார்கள். மற்ற நாளில் அண்ணி பாலுக்கும் துணிக்கும் உள்ளே வெளியே போய்க்கொண்டிருப்பாள், கதவு திறந்து திறந்து மூடும். இன்று சாத்திவிடுவார்கள். சம்மந்தியம்மாவுக்குக் குளிரக் கூடாதே.

அண்ணன் போன்: தொடர்பு எல்லைக்கு வெளியே. அண்ணி போன்: அணைத்து வைத்திருந்தது. சுகன்யா போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தை விழித்துக்கொள்ளுமென்று அவள் சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்பாள், எனக்குத் தெரியும். மறுபடி அண்ணன். மறுபடி அண்ணி. கொட்டச்சேட்டில் மேகம் இறங்கினால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால்தான் அண்ணன் போனுக்கு டவர் கிடைக்கும். அவர் இப்போது எதற்கு மேட்டில் நிற்கப்போகிறார்? சம்மந்திக்கு வெற்றிலைத் தட்டு நீட்டிக்கொண்டிருப்பார்.

நடந்தேன். அறைக்குள் நாலு எட்டு, திரும்பினால் நாலு எட்டு. போன வாரம் சுகன்யா பேசியது ஒவ்வொன்றாக மேலெழுந்து வந்தது. 'சாயங்காலமானா தலை வலிக்குதுங்கத்தே, தலைக்கு ஊத்துனதுனாலயா இருக்கும்.' நான் என்ன சொன்னேன்? சுக்கு அரைத்துப் பற்றுப் போடச் சொன்னேன். நான்தான் சொன்னேன், இந்த வாயால்.

கீச், என்றது யாழினி கையிலிருந்த வட்டு. செத்துப்போன பிறகும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

"மா, சுகி அக்காவுக்கு வீடியோ போடு. ஸ்கிரீன் லைட் எரியும்ல? யாராச்சும் பாப்பாங்க."

போட்டேன். சுற்றியது. நின்றது. மறுபடி போட்டேன். சுற்றியது. திரையில் இருட்டு வந்தது, அதற்குள் ஒரு முகம், கீழேயிருந்து சிவப்பு வெளிச்சம் பட்டு. சம்மந்தியம்மா.

"அட, நீங்களா? நானும் என்னமோ மினுக்கு மினுக்குன்னு எரியுதேன்னு எடுத்தனுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சுகன்யா அப்பவே படுத்துருச்சுங்க. தலவலின்னுச்சு. புள்ளையும் தூங்குது. நொம்ப நல்லாத் தூங்குதுங்க. நேத்துலேருந்து அழுவறதே இல்லியாமா. இந்தச் சூட்டுக்கு எனக்கே கண்ணச் சொக்குது போங்க."

நான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது இது:

"நல்லா இருக்கீங்களாங்க? சாப்ட்டாச்சுங்களா?"

எத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தால் என்ன? சம்மந்தி முகத்தைப் பார்த்ததும் நாக்கு தானாகத் தலைகுனிந்து நிற்கிறது. எப்படிச் சொல்வது? எடுத்த எடுப்பில் 'எந்திரிங்க, வெளிய ஓடுங்க' என்று சொல்லலாமா? அண்ணி பெருமையாக வைத்த சட்டியைக் குற்றம் சொல்வதா, நான் பெருமையாக ஒட்டிய கதவைச் சொல்வதா? பதறாமல், யார் மனமும் கோணாமல் சொல்ல ஒரு முறை இருக்கும், அது என்ன, அது என்ன என்று தேடிக்கொண்டே, "அது வந்துங்க... அண்ணி எங்கீங்க? ஒண்ணுமில்லீங்க, ஒரு சின்ன விசயம்..." என்று இழுத்தேன்.

போன் என் கையில் இல்லை. யாழினி பிடுங்கியிருந்தாள்.

"பாட்டி! எந்திரி! பாப்பாவத் தூக்கு! வெளிய போ!"

அவளுக்குத் தமிழில் 'ங்க' போட வராது. யாரும் அவளுக்குப் பழக்கவில்லை, நான்தான் பழக்கியிருக்க வேண்டும். அந்தப் பெரிய மளிகைக் குடும்பத்து அம்மாளை அவர் பிறந்ததிலிருந்து யாரும் இப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

"யாரு கண்ணு நீயி?"

"பேசாத! போ! அந்த நெருப்பு பாய்சன்! சுகி அக்காவ எழுப்பு! இப்பவே!"

அப்போதுதான் எனக்கும் குரல் வந்தது. "விசமுங்க! கங்குல விசமுங்க! ரூமக் காத்துப் போவாம அடச்சுட்டனுங்க! புள்ளையத் தூக்குங்க!"

திரை ஆடியது. அட்டை சீலிங் தெரிந்தது, அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. போன் கட்டிலில் விழுந்திருக்க வேண்டும். சத்தம் மட்டும். "சுகன்யா! ஏ சுகன்யா! எந்திரி சாமி!" வளையல்கள். ஏதோ உருண்டது. "எந்திரீங்கறனல்ல!" சுகன்யாவின் குழறல், குடித்தவர் பேச்சுப்போல. தாழ்ப்பாள். தடதடவென்று கால்கள். அண்ணியின் அலறல் தூரத்தில். நாய் குரைத்தது.

குழந்தை அழவில்லை.

யாழினி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது ஊசி போடும் இடத்தில் அப்படிப் பிடிப்பாள். மாடியறை முழுக்க ஊதுபத்தி வாசனை. நான் இன்னும் ஒட்டாத அந்தச் சின்னக் கதவின் இடுக்கு வழியாகக் குளிர் வந்து என் கணுக்காலைத் தொட்டது. வா, வா, என்று அதைக் கூப்பிட்டேன். இங்கே வந்து என்ன பிரயோசனம்? அங்கே போ. அந்த ரூமுக்குப் போ. என் நெஞ்சு இப்படிக் குளிரைக் கும்பிட்டது அதுதான் முதல்முறை.

போனில் வெறும் வீடு. யாருமில்லாத அறையில் கங்கு ஒன்று 'டப்' என்று வெடித்தது.

பிறகு வாசல் பக்கமிருந்து, மேகத்துக்குள்ளிருந்து, முதலில் விக்கல்போல ஒன்று. அப்புறம் அழுகை. கொட்டச்சேட்டுப் பனியில் போர்வையில்லாமல் தூக்கி வந்த ஒரு பச்சைக்குழந்தையின் கடுங்கோபம். உலகத்தையே திட்டித் தீர்த்தது. யாழினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும்.

5

அண்ணன் ஜீப்பில் எல்லாரையும் ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சுகன்யாவுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். குழந்தைக்கும் கொஞ்ச நேரம். விடிந்ததும், இருவரும் தேறிவிட்டார்கள், வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை முடிக்காமலே வார்டுக்குள் போய்விட்டாராம். அந்த முடியாத வாக்கியம் அண்ணன் குரலில் கடல் தாண்டி வந்து இப்போது என் வீட்டில் தங்கியிருக்கிறது. பாத்திரம் கழுவும்போது வருகிறது. பஸ்ஸுக்கு நிற்கும்போது வருகிறது.

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். ஜன்னலை மாற்றுங்கள், சீலிங் போடுங்கள், கதவுக்குப் பட்டை ஒட்டுங்கள், எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு ரூமைக் காற்றுப் போகாமல் இறுக்கினால், அன்றைக்கே அந்த ரூமிலிருந்து நெருப்பை வெளியே எடுத்துவிடுங்கள். நெருப்பு வேண்டுமென்றால் இடுக்கை விட்டுவையுங்கள். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே கூடாது. பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். கிளியூரில், வாழவந்தியில், மேகம் இறங்குகிற எல்லா ஊரிலும் சொல்லுங்கள்.

சனிக்கிழமை மதியமே கடைக்குப் போய் இரண்டு கருவி வாங்கினோம். ஒன்று எங்கள் படிக்கட்டுக்கு. இன்னொன்று கொட்டச்சேட்டுக்கு. பார்சலில் அனுப்பும் பொருள் என்ன என்று எழுதும் இடத்தில், 'அலறும் வட்டு' என்று தமிழில் எழுதினாள் யாழினி. எழுத்துக்கூட்டித்தான் எழுதினாள், அடித்தல் இல்லாமல். அஞ்சலகத்தில் அதை ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் மறுபடி எழுதினோம். அந்த முதல் தாளை நான் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

புதுக் கருவியைச் சுவரில் மாட்டி, அது ஒருமுறை அலறிக் காட்டிய பிறகுதான் யாழினியின் சின்னக் கதவுக்குத் திரும்பினேன். நுரைப் பலகையை அவள் பிடித்துக்கொள்ள நான் ஒட்டினேன். பட்டையை அவளே ஒட்டினாள். கொக்கி மாட்டினோம். இந்த வீட்டுக்கு இது சரி. ஆனாலும் கதவு 'ப்ப்' என்று உட்கார்ந்தபோது எழுந்து போய்ப் புது வட்டின் விளக்கைப் பார்த்துவிட்டு வந்தேன். இனி என்றைக்கும் பார்ப்பேன்.

ஞாயிறு காலை, அங்கே சாயங்காலம், சம்மந்தியம்மா போனில் வந்தார். நான் எழுந்து நின்றுகொண்டேன், அவர் பார்க்க முடியாதென்றாலும்.

"ஏனுங்க, உங்க கனடா ரப்பர நானே ஏணி போட்டு ஏறிப் பிச்சு எறிஞ்சுபுட்டனுங்க. ஒட்டுறதுன்னா இப்புடியா ஒட்டுவாங்க? எனக்கு ரெண்டு நெகம் போச்சு."

"தப்பு நடந்துருச்சுங்க. என்னைய மன்னிச்சு..."

"அத உடுங்க. ரெண்டு சட்டி பத்தாது, இன்னொண்ணு வெய்யின்னு கேட்டவளே நாந்தானுங்க." தொண்டையைச் செருமினார். "உங்க பொண்ணு என்னைய எந்திரின்னு சொல்லுச்சுங்க. பேசாதன்னு சொல்லுச்சு. எங்கூட்டுக்காரர்கூட அப்படிச் சொன்னதில்ல." சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை. "அந்தக் கண்ணு கலியாணத்துக்கு நான் வந்து மொதல்ல நிப்பன். பாட்டி எந்திரிச்சுட்டன்னு சொல்லுங்க."

யாழினி பக்கத்தில்தான் இருந்தாள். கேட்டாள். முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். விண்ணப்பத்தில் நான் விட்டுவைத்த கட்டத்தைப் பிறகு பார்த்தேன். அவள் கையெழுத்தில் மூன்று என்று இருந்தது.

கடைசியாக சுகன்யா பேசினாள். குரல் தெளிந்திருந்தது. உள்ரூமில்தான் படுத்திருக்கிறாளாம். சட்டி இல்லை. குழந்தைக்கு மாமியாரின் கம்பளிச் சால்வை, அதற்கு மேலே அண்ணனின் ஸ்வெட்டர், அதற்கு மேலே அவள். எனக்குப் போனை வைக்க மனம் வரவில்லை. சும்மா எதையாவது கேட்டுக்கொண்டிருந்தேன், மிளகு காய்ந்துவிட்டதா, பால்காரர் வந்தாரா என்று. குழந்தை நடுவில் ஒருமுறை அழுதது. அழட்டும் என்று இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக் கேட்டோம்.

"வெச்சுறட்டுங்களாத்தே? புள்ளைக்குப் பசி."

"வெய்யி கண்ணு. அந்த அட்டாலிக் கதவு?"

"தெறந்துதானுங்க கெடக்குது. மேகம் உள்ளாறயே வந்துருச்சுங்க."

"குளுருதா?"

"நொம்பக் குளுருதுங்கத்தே."

"குளுருட்டும் சாமி. நல்லாக் குளுருட்டும்."